கரும்பாசி

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது சுகிர்தா தாய்வீட்டிலிருந்து சிவகாசிக்குத் திரும்பினாள். கிளம்புகிற அன்று காலை, வெம்பக்கோட்டை வீட்டில், பேரனின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக்கொண்டே அவள் அம்மா ராமுத்தாய் சொன்னாள்:

“ஏ சுகி, அங்கன போயி உன் ஓரகத்தி முன்னாடி வச்சுப் பிள்ளையை ரொம்பக் கொஞ்சிக்கிட்டு இருக்காத. அனுப்பிரியா நல்ல பிள்ளைதான், நான் இல்லைங்கல. ஆனா ரெண்டு தடவை வயித்துல தங்காமப் போனவ. மனசுல ஏக்கம் இருக்கும். கண்ணுலயே பொல்லாத கண்ணு ஏக்கக் கண்ணுதான்.”

“சும்மா இரும்மா. அக்கா அப்பிடியெல்லாம் கிடையாது” என்றாள் சுகிர்தா. சொல்லிவிட்டாளே தவிர, வெடிக் கம்பெனிகளின் நீண்ட மதில்களை ஒட்டிக் கார் போய்க்கொண்டிருந்தபோதும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

புகுந்த வீட்டில் மாமியார் பேச்சியம்மாள், மூத்தவர் மணிகண்டராஜ், அவர் மனைவி அனுப்பிரியா, இளையவன் முத்துக்கிருஷ்ணன். முத்துக்கிருஷ்ணன்தான் சுகிர்தாவின் கணவன். அண்ணன் தம்பிக்குச் சொந்தமாக ஓர் அச்சகம் இருந்தது. வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பார்கள். ஆடி பிறந்துவிட்டால் காலண்டர் சீசன். ஆர்டர் பிடிக்க வடக்கே போகிற முத்துக்கிருஷ்ணன் சீசன் முடியும்வரை வீட்டில் தங்கியது குறைவு. அனுப்பிரியா கணவரோடு காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விடுவாள். டிசைன் வேலை முழுக்க அவள் பொறுப்பு. காலண்டரில் முருகன் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது தான்தான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அன்று சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்ததும் அனுப்பிரியா நேராகக் குளியலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“எங்க, எங்க தருண்குமார் சாரு எங்க? தூக்கட்டா சுகி?”

“இப்பத்தான்க்கா பால் குடிச்சான். கக்கிருவான்.”

“சரி சரி, அப்பறம் தூக்குறேன்” என்று குனிந்து பிள்ளையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள். பிறகு உற்சாகமாக, “வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்” என்று சுகிர்தாவை ஹாலுக்கு இழுத்துப் போனாள்.

ஹாலின் மேற்குச் சன்னலை ஒட்டி, பழைய சோபா கிடந்த இடத்தில், பெரிய மீன்தொட்டி ஒன்று இருந்தது. சுகிர்தா ஊரில் இருந்த மாதங்களில் அனுப்பிரியா வாங்கி வைத்தது. வெள்ளைக் கூழாங்கல், வளைந்த மரக்கட்டை ஒன்று, அதைச் சுற்றிப் பச்சைச் செடிகள். நடுவே வரிபோட்ட ஏஞ்சல் மீன்கள் நிமிர்ந்து நிமிர்ந்து நீந்தின.

“இந்தக் கொளுத்தவரு மேனேஜர். சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருப்பாரு, ஒரு வேலையும் பாக்க மாட்டாரு. இந்தச் சின்னதெல்லாம் கப்பி, பைண்டிங் பிள்ளைக மாதிரி, ஓயாம ஒண்ணை ஒண்ணு இடிச்சிக்கிட்டு. ரெண்டே விசயந்தான் சுகி. நான் போடுறதுக்கு மேல சாப்பாடு போடக்கூடாது. இந்தத் திரையைத் தொறக்கக்கூடாது. மேக்கு வெயிலு தண்ணில பட்டுச்சோ, பாசி புடிச்சு நாறிரும். பிளக் இங்கனதான் இருக்கு, அதான் வேற எடத்துல வைக்க முடியல.”

சன்னலில் தடித்த நீலத் திரை தொங்கியது. சுகிர்தா தலையாட்டினாள்.

தருண் மத்தியானம் ஆனால் அழுவான். பசியில்லை, வயிற்றுவலியில்லை, காரணமே தெரியாமல் முகம் சிவக்கச் சிவக்க அழுவான். ஒரு நாள் தோளில் போட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தபோது, காற்றுக்குத் திரை கொஞ்சம் விலகியது. வெயில் தொட்டிக்குள் பாய்ந்து எதிர்ச்சுவரில் தண்ணீரின் நிழல் நெளிந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். சுகிர்தா திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். சுவர் முழுக்க வெளிச்சம் ஆடியது. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தீனி தூவினாள். மீன்கள் மேலே மொய்த்தன. தருண் வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அனுப்பிரியா வந்ததும் அதைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. உங்கள் மீனைப் பார்த்துத்தான் என் பிள்ளை முதல்முதலாகச் சிரித்தான் என்று கேட்டால் அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள். அதே நேரம் கிளம்பும்போது அம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது. சுகிர்தா திரையை இழுத்து மூடி, தீனி டப்பாவை இருந்த இடத்தில் வைத்தாள். சாயங்காலம் அனுப்பிரியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாளும் பிள்ளை அழுதான். அடுத்த நாளும் திரை திறந்தது. பிறகு அது அன்றாடப் பழக்கமாகிவிட்டது. பேச்சியம்மாள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, அனுப்பிரியாவின் வண்டிச் சத்தம் கேட்பதற்கு வெகு முன்னால், வெயில் சாய்ந்து வரும் அந்த நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டுமானதாக இருந்தது. சாயங்காலம் அனுப்பிரியா வந்து கை நீட்டினால், “தூக்கக் கலக்கத்துல இருக்கான்க்கா” என்றோ, “எண்ணெய் தேச்சிருக்கேன், சேலையில ஆயிரும்” என்றோ ஏதாவது ஒன்று சுகிர்தாவின் வாயில் வந்துவிடும். அனுப்பிரியா ஒரு தடவைகூட வற்புறுத்தியதில்லை.

ஆவணி தொடக்கத்தில் தொட்டிக் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. முதலில் ஓரத்தில் பூச்சுப்போல. பிறகு புள்ளி புள்ளியாக. அனுப்பிரியா பிளேடால் சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் நாலைந்து நாளில் மறுபடி வந்தது. அதற்குப் பின் வந்ததுதான் மோசம். மரக்கட்டையிலும் இலை ஓரங்களிலும் கறுப்பாக, மயிர்க்கற்றைபோல, ஒரு பாசி முளைத்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் வராது. இழுத்தால் இலைதான் கிழியும்.

“யாராவது திரையைத் தொறந்தீகளா அத்தை?” என்று ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அனுப்பிரியா கேட்டாள்.

“நான் எதுக்குத்தா தொறக்கப் போறேன்? வெயிலு வந்து என் மூஞ்சில அடிக்கவா?” என்றாள் பேச்சியம்மாள்.

அனுப்பிரியா சுகிர்தாவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அடுத்தது நீ சொல் என்கிற மாதிரிதான்.

“இல்லக்கா” என்றாள் சுகிர்தா.

அவ்வளவுதான். யோசிக்காமல் வந்துவிட்ட ஒரு சொல். அந்த இடத்திலேயே, “நான்தான்க்கா, பிள்ளை அழுதான்” என்றிருந்தால் அனுப்பிரியா தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்திருப்பாள். சுகிர்தாவுக்கு அது தெரியும். ஆனால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அதற்கு மறுநாளிலிருந்து அவள் திரையைத் தொடவில்லை. தருண் அழுதால் பின்வாசலுக்குத் தூக்கிப்போய் வேப்பமரத்துக் காக்கையைக் காட்டினாள். தீனி டப்பா பக்கமே போகவில்லை. தான் நிறுத்திவிட்டால் பாசியும் நின்றுவிடும் என்று நம்பினாள். பச்சை கொஞ்சம் மட்டுப்படத்தான் செய்தது. கறுப்பு நிற்கவில்லை. ஒரு முறை பிடித்த இடத்தை அது விடுவதாக இல்லை.

அனுப்பிரியா விடாமல் போராடினாள். அச்சகத்தில் நின்று நின்று கால் வீங்கி வந்தாலும் முழங்கைவரை உள்ளே விட்டுச் செடியை இலை இலையாக நறுக்கினாள். விருதுநகர் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் பாசி தின்கிற சக்கர் மீன் ஒன்று வாங்கி வந்தாள். அது கறுப்புப் பாசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றது. வாரம் ஒரு தடவை குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் பாதி தொட்டிக்குப் போனது. பேச்சியம்மாள் முணுமுணுத்தாள்:

“குடிக்கத் தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு அலையுற ஊருல மீனுக்குத் தீர்த்தவாரி நடக்குது.”

கட்டையை வெளியே எடுத்துக் கொதிக்க வைத்தால் பாசி சாகும் என்று எங்கோ பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளின் பெரிய குண்டானில் அதைப் போட்டு அவித்தாள். குண்டானுக்காக மாமியார் அன்று போட்ட சண்டையில் அனுப்பிரியா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். சுகிர்தாவும் சேர்ந்து சிரித்தாள். கட்டை சுத்தமாகத்தான் வந்தது. கொஞ்ச நாளில் அதே கட்டையில் அதே கறுப்பு.

அன்று அனுப்பிரியா தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுகிர்தா பக்கத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வெயிலும் படல. சாப்பாடும் எண்ணி எண்ணித்தான் போடுறேன். தண்ணியும் மாத்துறேன். இதுக்கு மேல என்ன செய்யன்னு தெரியல சுகி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ சாதாரண விஷயம் சொல்வதைப்போல, “என் கைராசி அப்பிடி. நான் எதை வளர்த்தாலும் தங்க மாட்டேங்குது” என்றாள்.

முறத்தைப் பிடித்திருந்த சுகிர்தாவின் கை நின்றுவிட்டது. “அப்பிடியெல்லாம் சொல்லாதீகக்கா” என்றாள். அன்று இரவு பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, அவன் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இவனைக் காப்பதாக நினைத்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று யோசித்தாள்.

புரட்டாசியில் மணிகண்டராஜும் அனுப்பிரியாவும் காலண்டர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஹைதராபாத்துக்குக் கிளம்பினார்கள். பெட்டியை அடுக்கிக்கொண்டே அனுப்பிரியா சொன்னாள்:

“நாலு நாளைக்கு மீனுக்கு ஒண்ணும் போட வேண்டாம் சுகி, தாங்கிக்கிடும். வந்த பெறகு எல்லாத்தையும் அந்தக் கடைக்காரருகிட்டயே குடுத்துரலாம்னு இருக்கேன். எனக்கு இது ஆகாது. அம்புட்டுத்தான்.”

“எதுக்குக்கா? இம்புட்டு ஆசையா வச்சிருக்கீக...”

“ஆசை இருந்தாப் போதுமா?” என்று பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்த வார்த்தை சுகிர்தாவை உலுக்கிவிட்டது. அக்கா திரும்பி வருவதற்குள் எப்படியாவது அந்தப் பாசியை ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. தொட்டி பளிச்சென்று இருந்தால் கொடுத்துவிடும் எண்ணம் மாறிவிடும். தான் செய்ததும் யாருக்கும் தெரியாமல் கழுவிப்போய்விடும். இரண்டாவதைத் தனக்குள்கூட அவள் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெம்பக்கோட்டைக்குப் போனாள். அப்பா தங்கச்சாமி பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“எப்பா, தொட்டித் தண்ணில கறுப்பாப் பாசி புடிச்சிருக்கு. தேச்சாலும் போக மாட்டேங்குது. நீங்க என்ன செய்வீக?”

“மயில்துத்தத்தைத் துணில முடிஞ்சு தண்ணிக்குள்ள நாலு இழுப்பு இழுத்தா எல்லாம் செத்துப்போகும். ஏன், மாடு கீடு குடிக்கிற தொட்டியா?”

“இல்லப்பா.”

“பெறகென்ன. ஆனா கொஞ்சமாப் போடு. அது வெசம்.”

மீன் தொட்டி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருடைய மீன், உனக்கெதற்கு அந்த வேலை என்று கேள்விகள் வரும்; அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். சுகிர்தா சொல்லவில்லை. கொல்லையில் இருந்த மூட்டையிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் மின்னிய அந்த உப்பைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அதைப் பழைய துணியில் முடிந்து தொட்டிக்குள் இழுத்தாள். நீலம் புகைபோலப் பிரிந்து கரைந்தது. அப்பா சொன்னது நாலு இழுப்பு. கறுப்பு அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கட்டையைச் சுற்றி இன்னும் ஒரு தடவை. மீன்கள் ஒரு மூலைக்குப் போய் நின்றன. புதுச் சரக்கு, அதனால் மிரளுகின்றன என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் கறுப்பு மயிர் சாம்பல் நிறமாகி உதிரத் தொடங்கியது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துவந்தது. சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்குப் போட்டோ அனுப்பலாமா என்றுகூட நினைத்தாள். நேரில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விடிந்து எழுந்து ஹாலுக்கு வந்தபோது தொட்டிக்குள் ஓர் அசைவும் இல்லை. கப்பிகள் பக்கவாட்டில் சாய்ந்து மேலே மிதந்தன. சக்கர் மீன் கூழாங்கல் மேல் மல்லாந்து கிடந்தது. மேனேஜர் என்று பேர் வைத்த அந்தப் பெரிய ஏஞ்சல் மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சுகிர்தா அலறிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து ஒரு வாளியில் ஊற்றி மீனை அதில் விட்டாள். கையால் தண்ணீரை அளைந்து அளைந்து விட்டாள். “செத்துராத, செத்துராத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காப்பி நேரத்துக்குள் அதுவும் அடங்கிவிட்டது.

பேச்சியம்மாள் வந்து பார்த்தாள். தொட்டி, வாளி, மருமகளின் ஈரச் சேலை, சன்னல் திண்டில் கிடந்த நீலக் கறை பிடித்த துணி முடிச்சு எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துணி முடிச்சைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். மீன்களை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்:

“நேத்து ரொம்ப நேரம் கரண்டு இல்ல. மோட்டாரு ஓடல, காத்து இல்லாமச் செத்துப்போச்சு. நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயைத் தொறக்காத. வீட்டுல ரெண்டு மருமக ஒத்துமையா இருக்கணும், எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் அந்தப் பொய் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அனுப்பிரியா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சியம்மாள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அனுப்பிரியா வெறும் தொட்டியின் முன் நின்றாள். அழவில்லை. உள்ளே கையை விட்டு பில்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கரண்டு போனதால இருக்காது அத்தை. கெளம்புற அவசரத்துல இதைக் களுவிட்டுச் சரியா மாட்டாம விட்டிருப்பேன். எம்மேலதான் தப்பு. விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது.” பிறகு சுகிர்தாவைப் பார்த்து, “பாவம், நீதான் காலையில எந்திரிச்சுப் பாத்திருப்ப, பயந்துட்டியா?” என்றாள்.

சுகிர்தா உள்ளே போய்விட்டாள். அன்றும் சொல்லவில்லை. மறுநாள் அனுப்பிரியா வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். மத்தியானம் சுகிர்தா காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கிக்கொண்டு, “ஒரு நாளைக்கு ரெண்டு வேளை பாக்க வேண்டிய உசுரையே என்னால பாக்க முடியல. நல்லவேளை, வேற ஒண்ணும் எங்கிட்ட வரல” என்றாள்.

டம்ளர் கை மாறிவிட்டது. சுகிர்தா நகரவில்லை.

“அக்கா, நான்தான் கொன்னேன்.”

“என்ன சொல்லுத?”

“மயில்துத்தம் போட்டேன். பாசி சாகட்டும்னு போட்டேன். மீனும் செத்துப்போகும்னு நான் யோசிக்கல. கரண்டு போகவே இல்ல.”

அனுப்பிரியா எழுந்து உட்கார்ந்தாள். “சரி” என்றாள் மெதுவாக. “நல்லதுன்னு நெனச்சுத்தான போட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை போன்ல கேட்டிருக்கலாம். சரி, விடு, அளாத.”

அங்கேயே நிறுத்தியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது மட்டும் இல்லக்கா. பாசி வந்ததே என்னாலதான். திரையைத் தொறந்தது நான்தான். தெனமும் தொறந்தேன். தீனியும் போட்டேன்.”

“நீயா? நான் கேட்டப்ப இல்லைன்ன?”

“ஆமாக்கா.”

“எதுக்குத் தொறந்த?”

“தருண் அளுவான். மீனைக் காட்டுனா சிரிப்பான்.”

அனுப்பிரியாவின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வரப்பார்த்தது. “இதுக்குப் போயா? பிள்ளைக்குக் காட்டணும்னா நான் இருக்கும்போதே காட்டிருக்கலாமே. நான் என்ன வேண்டாம்னா சொல்லிருப்பேன்? சாயங்காலம் நானே லைட்டைப் போட்டு...”

பேச்சு பாதியில் நின்றது. சுகிர்தா தலை நிமிரவில்லை. பக்கத்து அறையில் தருண் தனக்குத்தானே ஏதோ சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தான்.

“ஓகோ” என்றாள் அனுப்பிரியா. “நான் இருக்கும்போது காட்டக்கூடாது. என் கண்ணு பட்டுரும்.”

“அக்கா...”

“பால் குடிச்சிருக்கான், எண்ணெய் தேச்சிருக்கேன், தூக்கக் கலக்கம். நான் அம்புட்டையும் நம்புனேன் சுகிர்தா. கையைக் களுவிக் களுவிட்டு வந்து நின்னேன்.” குரல் உயரவே இல்லை. “மீனை விடு. நான் தரையில உக்காந்து என் கைராசி இப்பிடின்னு சொன்னேன்ல. நீ பக்கத்துலதான இருந்த? பயறு பொடைச்சுக்கிட்டு இருந்த.”

சுகிர்தா காலில் விழுவதுபோலக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அனுப்பிரியா காலை உள்ளிழுத்துக்கொண்டாள். காப்பியை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவி, சேலை மாற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அனுப்பிரியா எல்லோரோடும் பேசினாள், சுகிர்தாவோடும் பேசினாள். உப்பு வேண்டுமா, சிலிண்டர் வந்ததா என்கிற அளவுக்கு. பிள்ளை இருக்கிற அறைக்குள் வரமாட்டாள். சுகிர்தா அவனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள். முன்பு சுகிர்தா எதற்காகக் காரணம் தேடித் தேடிச் சொன்னாளோ, அது இப்போது காரணமே தேவைப்படாமல் நடந்தது. ஓரகத்தி எழுந்து போகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது.

தாய்வீட்டுக்குப் போன் பேசும்போது ஒரு நாள் நடந்ததையெல்லாம் சொல்லி வெடித்துவிட்டாள். “நான் நல்லதுக்குத்தான சொன்னேன்” என்றாள் ராமுத்தாய்.

“நீ சொன்ன. செஞ்சது நான்தானம்மா” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தீபாவளி நெருங்கியது. ஊரே லோடு லோடாக வெடியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. தருணுக்கு முதல் சோறு ஊட்டுவதற்கு நல்ல நாள் பார்த்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியா தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிவரச் செய்து கழுவிக்கொண்டிருந்தாள். விஷம் ஊறிய கூழாங்கல்லையும் கட்டையையும் தனியாகக் கொட்டியிருந்தாள். சுகிர்தா ஏறிப்போய், கேட்காமலேயே ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்தாள். அனுப்பிரியா வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் வெகுநேரம் தேய்த்தார்கள்.

“அக்கா, கோயில்ல தருணுக்கு மொதச் சோறு நீங்கதான் ஊட்டணும். அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். எங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.”

அனுப்பிரியா தேய்ப்பதை நிறுத்தினாள்.

“நான் ஊட்டுனா உன் மனசு ஆறிரும். அதுக்குத்தான கூப்புடுத?”

சுகிர்தா தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

“உன் குத்தத்தைக் களுவுறதுக்கு என் கையைக் கேக்காத சுகிர்தா. கோயிலுக்கு வருவேன். சித்தி ஒருத்தி, பெரியம்மா ஒருத்தி எல்லாரும் நிக்கிற மாதிரி நானும் நிப்பேன். ஊட்ட மாட்டேன். எனக்கா என்னைக்குத் தோணுதோ அன்னைக்குப் பிள்ளையைத் தூக்குவேன். அது வரைக்கும் நீயா கொண்டாந்து மடில போடாத.”

“சரிக்கா” என்றாள் சுகிர்தா. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அனுப்பிரியா மறுபடி தேற்ற வேண்டியிருக்கும். மீதி இருந்த கண்ணாடியையும் தேய்த்து முடித்துவிட்டு இறங்கி வந்தாள்.

சொன்னபடியே அனுப்பிரியா கோயிலுக்கு வந்தாள். பேச்சியம்மாள்தான் ஊட்டினாள். தருண் முதல் வாயைத் துப்பினான். எல்லோரும் சிரித்தபோது அனுப்பிரியாவும் சிரித்தாள்.

கார்த்திகையில் அனுப்பிரியா தொட்டியை மறுபடி தயார் செய்தாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உள்சுவரில் புதிதாக பிளக் வைத்து, சன்னலுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். தண்ணீரும் புதுக் கல்லும் நாலு செடியும் மட்டும். மீன் விட இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், தண்ணீர் பழக வேண்டும் என்றாள். யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

தருண் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் சுகிர்தா அடுப்பில் குழம்பைக் கவனித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. பதறிக்கொண்டு ஹாலுக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அனுப்பிரியா தொட்டியின் முன் உட்கார்ந்து செடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தருண் தவழ்ந்து போய் அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, கண்ணாடியை உள்ளங்கையால் பட்டென்று அடித்தான்.

அனுப்பிரியா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு வாசற்படியைப் பார்த்தாள். சுகிர்தா ஓர் அடி எடுத்து வைக்கப் போனவள், வைக்காமல் அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழம்பைக் கிண்டாமல் காதைத் தீட்டி நின்றாள்.

“என்னடா தட்டுற? உள்ள ஒருத்தரும் இல்ல. இன்னும் வரல” என்கிற குரல் கேட்டது. மறுபடி பட்டென்று ஓர் அடி. “வரலைங்கேன்ல. அடுத்த வாரம் வா.”

பிறகு, “ஏ சுகி!” என்று அனுப்பிரியா கூப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டாள். “இவன் என் சேலையெல்லாம் நனைச்சுட்டான். துணி எடுத்துட்டு வா.”

சுகிர்தா ஓடிப்போய்க் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு வந்தாள். தருண் அனுப்பிரியாவின் மடியில் உட்கார்ந்து அவள் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அனுப்பிரியா துணியை வாங்கிக்கொண்டாள். அவன் காலைத் தூக்கிப் பிடித்து, ஈரத்துணியை உருவி, பழக்கமில்லாத கையால் தட்டுத்தடுமாறிப் புதுத் துணியைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிள்ளையை நீட்டவில்லை. சுகிர்தாவும் கேட்கவில்லை.

“கொளம்பு அடிப்பிடிக்குது பாரு, போ” என்றாள் அனுப்பிரியா, நிமிர்ந்து பார்க்காமலே.